பாட்டை எங்கே விடுறது?

டிஸ்கி: நான் தொழில்முறை டிஜே கிடையாது. வீட்டுல ஒரு சின்ன கன்ட்ரோலரை வச்சுக்கிட்டு, சொந்தக்காரங்க, நண்பர்கள் வீட்டு விசேஷங்கள்ல பாட்டுப் போடுற ஆசாமி. அந்த அளவுக்கு எடுத்துக்கோங்க :)

புதுசா டிஜே கத்துக்கிறவங்க கிட்ட "எது கஷ்டமா இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. அநேகமா எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணுதான். "ட்ரான்ஸிஷன் சரியா வரமாட்டேங்குது." அதாவது ஒரு பாட்டுல இருந்து அடுத்த பாட்டுக்குத் தாவுற அந்த இடம். இதுக்குக் கிடைக்கிற வைத்தியம் எல்லாமே ரெண்டாவது பாட்டை எப்படி உள்ள கொண்டு வர்றதுன்னு மட்டும்தான் பேசுது. இந்த பட்டனை அமுக்கு, அந்த எஃபெக்ட்டைப் போடு, இந்த நாப்பைத் திருப்பு.

என் கட்சி வேற. ட்ரான்ஸிஷன் கெட்டுப்போறது பெரும்பாலும் முதல் பாட்டை விடுற இடத்துலதான். எங்கே விடணும்னு தெரிஞ்சுட்டா, எப்படிச் சேர்க்கிறதுங்கிறது கைப்பழக்கம். தானா வந்துடும்.

முதல்ல அந்தத் தீராத சண்டையை முடிச்சுடுவோம். சிங்க் பட்டனை அமுக்கலாமா, கூடாதா? சிங்க்னா, ரெண்டு பாட்டோட வேகத்தையும் மென்பொருளே கணக்குப் போட்டு ஒண்ணாக்கி, அடிக்கு அடி பொருத்திக் கொடுத்துடும். பழைய ஆளுங்க "அது ஏமாத்து வேலை"ம்பாங்க. புது ஆளுங்க "கால்குலேட்டர் இருக்கும்போது எதுக்குய்யா வாய்ப்பாடு"ம்பாங்க. என்னைக் கேட்டா, ரெண்டு பேருமே தப்பான கேள்விக்குப் பதில் சொல்லிட்டு இருக்காங்க. சிங்க்குக்குத் தெரிஞ்சது வேகம் மட்டும்தான். பாட்டு எங்க மூச்சு விடுது, எங்க வரி முடியுது, எந்த நடையில போகுது, இதெல்லாம் அதுக்குத் தெரியாது. அமுக்குங்க, வேணாம்னு சொல்லல. ஆனா அது செய்யாத வேலையையும் அதோட தலையில கட்டாதீங்க.

கொஞ்சம் சரித்திரம் பார்த்தா இது இன்னும் நல்லாப் புரியும். 1970 வாக்குல நியூயார்க்ல சாங்க்சுவரின்னு ஒரு கிளப் இருந்துச்சு. முன்னாடி சர்ச்சா இருந்த கட்டடம். அங்க ஃப்ரான்சிஸ் கிராஸோன்னு ஒரு டிஜே, ரெண்டு ரெக்கார்டை ஒரே நேரத்துல ஓட விட்டு, காதால கேட்டே அடியைப் பொருத்திக்கிட்டு இருந்தார். அந்த ரெக்கார்டுகள்ல ட்ரம்ஸ் வாசிச்சது கம்ப்யூட்டர் இல்ல, மனுஷங்க. வேகம் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அடுத்த ரெக்கார்டை விரலால பிடிச்சு வச்சிருந்து, சரியான அடி வந்ததும் விடுவார். திரை கிடையாது, எண் கிடையாது. எந்த அடியில விடணும்ங்கிறது மட்டும் மனுஷனுக்குத் தெரிஞ்சிருந்தது.

இன்னொருத்தர் டிஜே கூல் ஹெர்க். 1973 ஆகஸ்ட்ல ப்ராங்க்ஸ்ல ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துல பார்ட்டி நடத்தினவர். ஜனங்க எந்த இடத்துல குஷியாகுறாங்கன்னு கவனிச்சார். பாட்டெல்லாம் அடங்கி ட்ரம்ஸ் மட்டும் வர்ற அந்தச் சின்னப் பகுதியில. அதையே ரெண்டு ரெக்கார்டு வச்சு மாத்தி மாத்திப் போட்டு நீட்டினார். அடியைத் துல்லியமா பொருத்துறதுல அவர் ஒண்ணும் பேர் வாங்கல. அந்த நேர்த்தி பின்னாடி கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் கையில வந்தது. ஆனா ஹெர்க்குக்கு 'இடம்' தெரியும். ஹிப்ஹாப்ங்கிற மொத்த மரமும் அந்த விதையில இருந்து முளைச்சது.

சரி, நம்மூர் மேட்டருக்கு வருவோம்.

எங்க குடியிருப்புல ஒரு தம்பி இருக்கான். கல்லூரி முடிச்சு வேலைக்குப் போய், சம்பளத்துல மிச்சம் பிடிச்சு ஒரு கன்ட்ரோலர் வாங்கினான். அவங்க அக்கா கல்யாண ரிசப்ஷனுக்கு வெளி ஆள் வேணாம், நானே பாட்டுப் போடறேன்னு வீட்டுல சொல்லிட்டான். மூணு வாரம் இருக்கும்போது முகம் தொங்கிப்போய் வந்தான்.

"அண்ணே, ரெண்டு பாட்டுமே 120ன்னுதான் காட்டுது. சிங்க் லைட்டும் எரியுது. ஆனா சேர்த்து விட்டா குதிரை நொண்டுற மாதிரி இருக்குண்ணே. கன்ட்ரோலர் சரியில்ல போல. தவணையில பெருசா ஒண்ணு எடுத்துடலாமா?"

"அதெல்லாம் அப்புறம். ரெண்டு பாட்டையும் தனித்தனியா போடு. கையில தாளம் போட்டுக்கிட்டே கேளு."

முதல் பாட்டு ஒரு இங்கிலீஷ் டான்ஸ் பாட்டு. ரெண்டாவது நல்ல டப்பாங்குத்து. போட்டுப் பார்த்தான். அடி ஒரே வேகம்தான். ஆனா அடிக்குள்ள இருக்கிற எண்ணிக்கை வேற. முதலாவது அடிக்கு நாலா, தகதிமி, தகதிமின்னு போகுது. குத்து அடிக்கு மூணா, தகிட, தகிடன்னு போகுது. கச்சேரிக்காரங்க பாஷையில சதுஸ்ர நடை, திஸ்ர நடை. பெரிய அடி ரெண்டும் சேர்ந்து விழும், நடுவுல இருக்கிறதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும். அதான் நொண்டுது. எவ்வளவு விலை கொடுத்து கன்ட்ரோலர் வாங்கினாலும் அந்த முட்டல் தீராது.

இன்னொரு கூத்தும் உண்டு. திஸ்ர நடைப் பாட்டோட வேகத்தைக் கணக்குப் போடுறதுல மென்பொருளே சில சமயம் குழம்பிடும். 120ன்னு இருக்க வேண்டியதை 90ன்னோ 180ன்னோ காட்டும். திரையில இருக்கிற எண்ணை வேதவாக்கா எடுத்துக்கிட்டா அம்புட்டுதான்.

அப்போ குத்துப் பாட்டுக்கு எப்படித்தான் போறது? இங்கதான் 'விடுறது' வேலைக்கு வருது. முதல் பாட்டோட வரி முடியுற இடத்துல, ட்ரம்ஸ் நிக்கிற இடமாப் பார்த்து, ஒரு எக்கோவைப் போட்டு அப்படியே விட்டுடுங்க. ஒரு மூச்சு இடைவெளி. அப்புறம் குத்து நேரா முதல் அடியில விழணும். ரெண்டு நடையும் ஒரு நொடி கூட சேர்ந்து கேக்காது, அதனால முட்டாது. இதை "வெட்டு"ன்னு சொல்லி மட்டமா பேசுறவங்க இருக்காங்க. ரெண்டு பாட்டையும் ஒரு நிமிஷம் குழைச்சு அடிச்சாதான் டிஜேன்னு நினைப்பு. ஹவுஸ், டெக்னோ மாதிரி இசைக்கு அந்த நினைப்பு சரி. அந்த ட்ராக்குகளைச் செய்யும்போதே தொடக்கத்துலயும் முடிவுலயும் வெறும் தாளத்தை விட்டு வைப்பாங்க, அடுத்த டிஜே சேர்த்துக்கட்டும்னு. நம்ம சினிமாப் பாட்டு படத்துக்காக செஞ்சது. சிலது வயலின்ல தொடங்கும், சிலது எடுத்த எடுப்புலயே பல்லவி. அதுக்கு நீளமான குழைப்பு எதுக்கு?

பழைய பாட்டுன்னா இன்னும் ஜாக்கிரதை வேணும். எண்பதுகள் வரைக்கும் பெரும்பாலானது மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து உட்கார்ந்து வாசிச்சது. மனுஷ வேகம் அப்படி இப்படித்தான் இருக்கும். கணக்கையே பாருங்க: ரெண்டு பாட்டுக்கும் நடுவுல 2 பிபிஎம் வித்தியாசம் இருந்தா, 15 நொடியில அரை அடி விலகிடும். கால் அடி விலகினாலே காதுக்கு உறுத்தும், அதுக்கு ஏழரை நொடி போதும். (ஏழரைன்னு சும்மாவா சொன்னாங்க!) அதனால பழைய பாட்டு வந்தா சேர்ந்து ஓடுறதை நாலு அடி, எட்டு அடியோட முடிச்சுக்கிறது உத்தமம்.

எங்கே விடணும்னு கண்டுபிடிக்க எண்ணணும். வேற குறுக்கு வழி கிடையாது. டான்ஸ் இசையில நாலு அடி சேர்ந்தா ஒரு பார். எட்டு பார், அதாவது 32 அடி சேர்ந்தா ஏதாவது ஒண்ணு மாறும். புது வாத்தியம் வரும், இல்ல ட்ரம்ஸ் நிக்கும். 120 வேகத்துல அது 16 நொடி. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை, நாலு ஆவர்த்தனம் போட்டா 32. சபாவுல தொடையைத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கிற தாத்தாவுக்கு இது புது விஷயமே இல்ல. சினிமாப் பாட்டுல இடையிசை சில சமயம் கணக்கை மீறிப் போகும். அதனால பாட்டுக்குப் பாட்டு ஒரு தடவையாவது கையில தாளம் போட்டு எண்ணிப் பார்த்து, விடுற இடத்துல ஒரு குறி வச்சுக்கணும். க்யூ பாயின்ட்டை அதுக்குத்தான் கொடுத்திருக்காங்க.

நான் பார்த்த வரைக்கும் நம்ம பாட்டுல விடுறதுக்கு நல்ல இடம் ரெண்டு. ஒண்ணு, முதல் சரணம் முடிஞ்சு பல்லவி திரும்பி வந்து, அது முழுசா முடியுற இடம். இன்னொண்ணு, ரெண்டாவது இடையிசையோட வாசல். மண்டபத்துல பல்லவிக்குக் குதிக்கிற கூட்டம் ரெண்டாவது சரணத்துக்குத் தண்ணி குடிக்கப் போயிடும். அதுக்கு முன்னாடி மாத்திடணும். ஆனா எக்காரணம் கொண்டும் பல்லவி வரியை நடுவுல வெட்டாதீங்க. கூடவே பாடிட்டு இருக்கிற ஆளோட வாயைப் பொத்துற மாதிரி அது.

சேர்க்கிறதைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லிடறேன், இல்லேன்னா கோவிச்சுப்பீங்க. ரெண்டு பாட்டோட பேஸும் ஒரே நேரத்துல ஒலிக்கக் கூடாது. ஒரே உறையில ரெண்டு கத்தி. புதுப் பாட்டை பேஸ் நாப்பைக் குறைச்சு வச்சே கொண்டு வாங்க. 32 முடிஞ்சு அடுத்த முதல் அடி விழும்போது பழசோட பேஸை இறக்கி, புதுசோட பேஸை ஏத்துங்க. ஸ்ருதியையும் பாருங்க. கீ லாக் போடாம வேகத்தை 6 சதவீதம் ஏத்தினா பாட்டு ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிடும். ரெண்டு பாட்டுலயும் குரல் இருக்கும்போது அது நல்லாவே உறுத்தும். இப்போ வர்ற மென்பொருள்கள்ல குரலைத் தனியா, ட்ரம்ஸைத் தனியா பிரிச்சுக் கொடுக்கிற ஸ்டெம்ஸ் வசதி வந்திருக்கு. அருமையான விஷயம். ஆனா குரலை எந்த இடத்துல நிறுத்தணும்ங்கிற முடிவு அப்பவும் உங்களோடதுதான்.

பயிற்சிக்கு என் சிபாரிசு: ஒரு வாரம் முழுக்க ரெண்டே ரெண்டு பாட்டு. லேப்டாப் திரை மேல ஒரு துண்டைப் போட்டு மூடிடுங்க. சிங்க் வேணாம். பதிவு பண்ணி மறுநாள் காலையில பல்லு விளக்கிட்டே கேளுங்க. ராத்திரி அபாரமா தெரிஞ்சதெல்லாம் காலையில யோக்கியதையைக் காட்டிடும். காது பழகினப்புறம் சிங்க்கைத் தாராளமா போட்டுக்கோங்க. அது பொய் சொல்ற இடம் அப்போ உங்களுக்கே தெரியும்.

அந்தத் தம்பி தவணை எடுக்கல. முப்பது பாட்டை எடுத்துக்கிட்டு, ஒவ்வொண்ணுக்கும் நோட்டுல "இங்க விடு"ன்னு நிமிஷம், நொடி எழுதி வச்சான். ரிசப்ஷன்ல குத்துக்குப் போற இடத்துல எல்லாம் வெட்டுதான். ஒருத்தரும் வெட்டுன்னு கண்டுக்கல. மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தங்க முட்டி வலியையும் மறந்து ரெண்டு பாட்டு ஆடினாங்க.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்னு கேக்கலாம். ஆடுறவங்களைப் பாருங்க. அதுல பாதிப் பேரு வருஷத்துக்கு ஒரு தடவை ஆடுறவங்க. வெக்கத்தை விட்டு, யார் என்ன நினைப்பாங்களோங்கிறதை விட்டு, இப்பத்தான் ரெண்டு காலை எடுத்து வச்சிருப்பாங்க. தாளம் நொண்டின அந்த நாலு நொடியில அவங்களுக்குத் தன் ஞாபகம் வந்துடும். புடவையைச் சரி பண்ணிக்கிட்டு நாற்காலிக்குப் போயிடுவாங்க. அப்புறம் எவ்வளவு நல்ல பாட்டுப் போட்டாலும் திரும்பி எழுந்து வர மாட்டாங்க. ட்ரான்ஸிஷன்ங்கிறது டிஜேவோட திறமையைக் காட்டுற இடம்னு நினைக்கிறவங்க இதை யோசிக்கணும். ஆடுறவங்க தன்னை மறந்திருக்கிறதை நாம கலைக்காம இருக்கிறோமா, அவ்வளவுதான் கேள்வி. பாட்டு மாறினதே தெரியாம அவங்க ஆடிட்டே இருந்தா நீங்க ஜெயிச்சாச்சு.

பி.கு: ஹெட்ஃபோன்ல சத்தத்தை ரொம்ப ஏத்தாதீங்க. நாள் முழுக்கக் கத்துக்கிட்ட எண்ணிக்கை எல்லாம் அந்தக் காதுக்குள்ளதான் இருக்கு. கன்ட்ரோலர் போனா வேற வாங்கலாம் :)