ஒயர் இல்லாத ஒயர்

ரிச்சி தெருவில் ஒரு கடை. போன மாதம் நடந்தது.

"ஒயர்லெஸ் சார்ஜர் சார். லேட்டஸ்ட்."

"பிரிச்சுக் காட்டு தம்பி."

பிரித்தான். உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு வெள்ளைத் தட்டு. தட்டிலிருந்து எலிவால் மாதிரி ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏதோ தொங்கியது.

"இது என்ன?"

"ஒயர் சார்."

"ஒயர்லெஸ்னு சொன்னியே?"

"போனுக்குத்தான் சார் ஒயர்லெஸ். தட்டுக்கு ஒயர் வேணும்ல?"

பையன் சொன்னதில் லாஜிக் இருக்கிறது. வாங்கிவிட்டேன். எனக்கில்லை, மாமனாருக்கு. அவருக்கு வயது எழுபத்தெட்டு. விரல்கள் லேசாக நடுங்கும். போனின் அடிப்பக்கம் இருக்கிற அந்தச் சின்ன ஓட்டையைத் தடவிக் கண்டுபிடித்து, பின்னை நேராகச் சொருகுவதற்குள் மனிதர் வியர்த்துவிடுவார். கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி. என் மகள் புது போன் வாங்கியபோது தன் பழைய ஐபோன் 12-ஐத் தாத்தாவுக்குக் கொடுத்திருந்தாள். அது ஒயர்லெஸ் ஏற்றுக்கொள்கிற போன்தான். தட்டின் மேல் வைத்தால் போதும், தானே ஏறும். இதைவிட வேறென்ன வேண்டும்?

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாமியாரின் நம்பரிலிருந்து அழைப்பு. பேசியது மாமனார்.

"மாப்பிள்ளை, ராத்திரி முழுக்கத் தட்டு மேலதான் வெச்சிருந்தேன். நாலு பர்சன்ட் காட்டுது."

தூக்கத்தில் கை பட்டு போன் ஒரு இன்ச் நகர்ந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். கடைக்காரப் பையனிடம் கேட்டால், "மேக்னெட் மாடல் வாங்கியிருக்கணும் சார், அது நகராது" என்றான். மேக்னெட் மாடல் ஆயிரத்தி இருநூறு ரூபாய் அதிகம். அதையும் வாங்கினேன். ஒரு தப்பைச் சரிசெய்ய இரண்டாவது தடவை பணம் கட்டும்போதுதான் நமக்கெல்லாம் கணக்கு ஞாபகம் வருகிறது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதன் பலன்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்ததுதான். தட்டுக்குள் ஒரு செப்புக் கம்பிச் சுருள், போனின் முதுகுக்குள் இன்னொரு சுருள். கீழ்ச் சுருளில் மாறுமின்சாரம் ஓடினால் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும், மேல்சுருளில் மின்சாரம் பிறக்கும். இரண்டு சுருளும் ஒன்றுக்கொன்று நேராக, சில மில்லிமீட்டர் இடைவெளிக்குள் இருக்க வேண்டும். விலகினால் மின்சாரம் குறையும், இன்னும் விலகினால் நின்றே போகும். எலெக்ட்ரிக் டூத்பிரஷ் பல வருஷங்களாக இப்படித்தான் சார்ஜ் ஆகிறது. ஈரமான பாத்ரூமில், திறந்த மின்முனை எதுவும் இல்லாமல் இருப்பது நல்லதுதானே. அங்கே இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஒரு நியாயம் இருந்தது.

போனுக்காக 2008-ல் கம்பெனிகள் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பு ஆரம்பித்து, பொதுவான ஒரு தரத்தை உருவாக்கினார்கள். அதன் பெயர் 'சீ'. நான் திட்டவில்லை, பெயரே அதுதான். உயிர்சக்திக்கான சீன வார்த்தையாம். 2012-ல் நோக்கியா லூமியா 920-ல் வந்தது. அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2017-ல் ஆப்பிள் தன் ஐபோன் 8-லும் பத்திலும் சேர்த்ததும் உலகமே இப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி கைதட்டியது. அதே மேடையில் போன், வாட்ச், இயர்போன் மூன்றையும் ஒரே நேரத்தில் சார்ஜ் செய்கிற 'ஏர்பவர்' என்கிற பாயையும் அறிவித்தார்கள். ஒன்றரை வருஷம் ஜனங்கள் காத்திருந்தார்கள். 2019 மார்ச்சில், 'நாங்கள் நினைத்த தரத்தில் வரவில்லை' என்று கைவிட்டுவிட்டார்கள்.

சரி, வேகத்துக்கு வருகிறேன்.

2017-ல் வந்த அதே ஐபோன் 8, சரியான ஒயரும் அடாப்டரும் இருந்தால் அரை மணியில் ஐம்பது சதவீதம் ஏறும் என்று ஆப்பிளே சொன்னது. இதே 'அரை மணியில் பாதி' என்பதை ஒயர்லெஸ் தட்டு தொட்டது 2024-ல், ஐபோன் 16-ல். அதுவும் 25 வாட் தட்டும் 30 வாட் அடாப்டரும் இருந்தால். ஒயர் போட்ட கோட்டைத் தாண்ட ஏழு வருஷம்! அதற்குள் ஒயர் சும்மா இருந்ததா? 2025-ல் ஐபோன் 17-க்கு ஒயரில் இருபது நிமிஷத்தில் பாதி ஏறும் என்கிறார்கள். இதெல்லாம் விலை உயர்ந்த போன்களின் கதை. நம் ஊரில் 25,000 ரூபாய்க்குள் விற்கிற ஆண்ட்ராய்ட் போன்கள் பலவற்றில் 67 வாட், 80 வாட் அடாப்டர் பெட்டிக்குள்ளேயே வருகிறது. குளித்துவிட்டு டிபன் சாப்பிடுவதற்குள் போன் நிரம்பிவிடும். அந்த போன்களில் பெரும்பாலானவற்றில் ஒயர்லெஸ்ஸே கிடையாது. அதனால் அவற்றை வைத்திருப்பவர்கள் யாரும் கஷ்டப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

'வேகமான ஒயர்லெஸ்ஸும் இருக்கிறதே' என்பீர்கள். இருக்கிறது. 2021-ல் ஒன்பிளஸ் 9 ப்ரோவுக்காக 50 வாட் ஒயர்லெஸ் சார்ஜர் வந்தது. சூடு தாங்காது என்பதால் சார்ஜருக்குள்ளேயே ஒரு குட்டி ஃபேன். ராத்திரியில் ஃபேன் சத்தம் தூக்கத்தைக் கெடுக்குமே என்று ஒரு 'பெட்டைம் மோட்' கொடுத்தார்கள். அதைப் போட்டால் ஃபேன் அடங்கும், கூடவே வேகமும் குறையும். மாவாட்டுகிற கிரைண்டருக்கு நிகராக ஒரு போன் சார்ஜரைப் பராமரிக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சூடுதான் என் முக்கியமான புகார். 2020-ல் ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளர் பிக்சல் 4 போனை ஒயரிலும் தட்டிலும் மாற்றி மாற்றி சார்ஜ் செய்து அளந்து பார்த்தார். காலியிலிருந்து முழுசாக ஏற்ற ஒயரில் சராசரியாக 14.26 வாட்-மணி. தட்டில் 21.01. அதாவது 47 சதவீதம் அதிகம். தினம் ஒரு தடவை என்றால் வருஷத்துக்கு இரண்டரை யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்தாலும் இருபது ரூபாய்தான். பி.காம். படித்தவன் இதை மறைக்கக்கூடாது: ஒரு வீட்டுக்கு இது காசே இல்லை. பத்துக் கோடி போன் என்றால் வருஷத்துக்கு 25 கோடி யூனிட் என்பது வேறு விஷயம்.

ஆனால் அந்த இரண்டரை யூனிட் எங்கே போகிறது? சூடாகப் போகிறது. எங்கே சூடு? பேட்டரி இருக்கும் அதே முதுகில். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. ஆப்பிளே தன் இணையதளத்தில், 35 டிகிரிக்கு மேலான சூழலில் போனை வைக்காதீர்கள், பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. சென்னையில் மே மாதம் 40-ஐத் தொடுவது சர்வசாதாரணம். ஏ.சி. இல்லாத அறையில், ரப்பர் கவர் போட்ட போனை இந்தத் தட்டில் வைத்துப் பாருங்கள். இட்லிப் பானை மூடியைத் தொடுகிற மாதிரி இருக்கும். சூடு ஏறினால் போன் தானாகவே சார்ஜிங்கைக் குறைக்கும், சில சமயம் நிறுத்தியே விடும். பெட்டியில் 15 வாட் என்று போட்டிருப்பது இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் எழுதியது. கார்களில் டாப் வேரியன்ட்டில் மட்டும் கொடுக்கிறார்களே ஒரு ஒயர்லெஸ் குழி, அதில் மத்தியானம் ஓ.எம்.ஆரில் மேப்பைப் போட்டுக்கொண்டு போனால் ஏறுவதும் இறங்குவதும் சரிக்குச் சரியாக இருக்கும்.

இப்போது விலை. ஆப்பிளின் மேக்சேஃப் தட்டு 2020-ல் இந்தியாவில் 4,500 ரூபாய்க்கு வந்தது. அடாப்டர் தனி, 1,900 ரூபாய். ஒயருக்கும் அடாப்டர் வேண்டும் என்பதால் நியாயமாக அதைக் கழித்துவிடுகிறேன். மூன்று வருஷம், தினம் ஒரு தடவை என்றால் 1,095 தடவை. 4,500-ஐ வகுத்தால் தடவைக்கு நாலு ரூபாய் பதினொரு பைசா. ஒரு பின்னைச் சொருகாமல் இருப்பதற்கான கூலி இது. பின்னைச் சொருகுகிறவருக்கு யாரும் இந்தக் காசைக் கொடுப்பதில்லை.

அந்த 2020 அக்டோபர் மேடையை மறக்கக்கூடாது. ஐபோன் 12 பெட்டியிலிருந்து சார்ஜரையும் இயர்போனையும் எடுத்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். காரணம் சுற்றுச்சூழல். இதோடு வேறு சில மாற்றங்களும் சேர்ந்து வருஷத்துக்கு நாலரை லட்சம் கார்களைச் சாலையிலிருந்து எடுத்ததற்குச் சமம் என்றார்கள். நல்ல விஷயம், கைதட்டலாம். ஆனால் அதே நிகழ்ச்சியில், அதே போனுக்காக, மின்சாரத்தை வீணாக்குகிற மேக்சேஃப் தட்டையும் விற்பனைக்கு வைத்தார்கள். பூமியைக் காப்பாற்ற ஒரு சார்ஜரை எடுத்துவிட்டு, அதைவிட மோசமான ஒன்றைக் காசுக்குத் தருவதற்கு என்ன பெயர்? அந்த மாதமே சாம்சங், 'எங்கள் போனோடு சார்ஜர் உண்டு' என்று ஃபேஸ்புக்கில் கிண்டலடித்தது. 2021 ஜனவரியில் கேலக்ஸி எஸ்21 வந்தது, சார்ஜர் இல்லாமல். கிண்டல் பதிவையும் சத்தமில்லாமல் அழித்துவிட்டார்கள். 2022 செப்டம்பரில் பிரேசில் அரசு மட்டும், சார்ஜர் இல்லாமல் ஐபோன் விற்காதே என்று தடையும் அபராதமும் போட்டது. அவர்களுக்கு ஒரு சல்யூட்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. பல வருஷங்கள் சாதாரண 'சீ' தட்டில் வைத்தால் ஐபோன் 7.5 வாட்தான் வாங்கும். ஆப்பிளின் தட்டோ, அதன் அனுமதி பெற்ற தட்டோ என்றால் 15 வாட். இதில் ஃபாரடேயின் விதி எதுவும் இல்லை, கம்பெனியின் விதிதான். 2023-ல் 'சீ டூ' என்ற புது தரம் வந்த பிறகுதான் அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்தது. ஐரோப்பிய யூனியன் 2024 டிசம்பர் 28 முதல் எல்லா போனுக்கும் டைப்-சிதான் என்று சட்டம் போட்டது. அந்தச் சட்டமும் ஒயரில் சார்ஜ் ஆகிற போன்களுக்குத்தான். நாளைக்கு ஒரு கம்பெனி ஓட்டையே இல்லாத போனைக் கொண்டுவந்தால் டைப்-சி சட்டம் அதைத் தொடாது. ஒயரில் எந்தக் கடை ஒயரையும் வாங்கலாம் என்ற நிலைமை இப்போதுதான் வந்திருக்கிறது. அதை 'சவுகரியம்' என்ற பெயரில் விட்டுக்கொடுக்க நமக்கு என்ன தலையெழுத்து?

சவுகரியமாவது இருக்கிறதா? ஒயர் சொருகிய போனைக் கையில் எடுத்துப் பேசலாம், படுத்துக்கொண்டு பார்க்கலாம். தட்டில் இருக்கிற போனை எடுத்த நிமிஷம் சார்ஜ் நின்றுவிடும். பவர் கட் ஆகப்போகிறது, பத்து நிமிஷத்தில் கிளம்பவேண்டும் என்கிற அவசரத்துக்கு இது உதவாது. மலிவாக முந்நூறு, நானூறு ரூபாய்க்கு விற்கிறவற்றில் வேறு ஆபத்து. நடுவில் ஒரு நாணயமோ சாவியோ சிக்கினால் கண்டுபிடித்து நிறுத்துகிற வசதி தரமான தட்டுகளில் உண்டு. பேர் தெரியாத தட்டில் அது இருக்கிறதா என்பது நாணயம் சுட்ட பிறகுதான் தெரியும்.

போனின் ஓட்டை தேய்ந்து, எந்த ஒயரும் நிற்காமல் போனவர்கள் தாராளமாக வாங்கட்டும். என் மாமனார் மாதிரி விரல் ஒத்துழைக்காதவர்களும் வாங்கட்டும் என்றுதான் எழுத நினைத்திருந்தேன். மேக்னெட் மாடல் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 'டப்' என்று தானே ஒட்டிக்கொள்கிறது என்று வருகிறவர்களுக்கெல்லாம் வைத்து வைத்துக் காட்டினார். தலைமாட்டில், தலையணையை ஒட்டின ஸ்டூலில்தான் தட்டு.

இந்தக் கட்டுரைக்காக ஆப்பிளின் பாதுகாப்புக் குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வரியில் கண் நின்றது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த போனையும் மேக்சேஃப் சாதனங்களையும் 15 சென்டிமீட்டருக்கு அப்பால் வைக்க வேண்டும். ஒயர்லெஸ் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் 30 சென்டிமீட்டருக்கு அப்பால். காந்தம் அந்தக் கருவியின் வேலையில் குறுக்கிடலாமாம்.

மாமனாருக்குப் பேஸ்மேக்கர் வைத்து நாலு வருஷமாகிறது. எனக்குத் தெரியும். நான்தான் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டேன். தட்டை விற்ற கடையில் யாரும் கேட்கவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாட், வோல்ட், வாரன்ட்டி எல்லாம் கொட்டை எழுத்தில் இருந்தது. பேஸ்மேக்கர் பற்றி ஒரு எழுத்து இல்லை.

அன்று சாயங்காலமே போய் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி மாப்பிள்ளை, ஹால்ல வெச்சுக்கறேன். அங்கேயே சார்ஜ் ஆகட்டும்" என்றார். ஹாலில் ப்ளக் பாயின்ட் டி.வி.க்குப் பின்னால் இருக்கிறது. தட்டின் ஒயர் எட்டவில்லை. திரும்ப ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி வந்தேன். 350 ரூபாய். ஒயர் நீளம் நாலு மீட்டர்.