விரல் அறியும் பொத்தான்

கமரா வாங்கப் புறப்படும் இளைஞர் கடைக்காரரிடம் முதலிற் கேட்பது, "இது எத்தனை மெகாபிக்சல்?" என்பதே. கேள்வி பிழையன்று, ஆயினும் அது கண்ணின் கேள்வி. கையின் கேள்வியைக் கேட்போர் அரியர். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பகுதிகளில் கலியாண வீட்டையும் கோயில் திருவிழாவையும் படமெடுத்துப் பிழைக்க எண்ணும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் அதனைக் கேட்டே ஆகவேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அதன்பின் ஒரு கமராவென்பது ஒரு குடும்பத்தின் நெடுநாட் சேமிப்பாகிவிட்டது. கைக்கு ஒவ்வாததை வாங்கிவிட்டு, வேறொன்று வாங்குவதென்பது எல்லோருக்கும் இயலுமா?

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. சிவனொளிபாதமலையோ 2,243 மீற்றர். டிசம்பர் முதல் மே வரையிலான யாத்திரைக் காலத்தில், நல்லதண்ணியிலிருந்து இரவெல்லாம் படியேறிச் சூரியோதயத்துக்காகக் காத்து நிற்பவரின் விரல் நுனிகள் மரத்துப்போகும். இருள், குளிர், தூறல், போதாக்குறைக்குக் கையுறை. அவ்வேளையில் பொத்தானைக் கண் தேடிக்கொண்டிருக்க முடியாது. விரல்தான் அறிந்து அழுத்தவேண்டும்.

பழைய எஸ்.எல்.ஆர். கமராவினுள்ளே ஒளியை மேலே திருப்பும் ஆடியொன்று உண்டு. அதனை நீக்கிவிட்டு, காட்சியை மின்திரையில் காட்டுவது 'மிரர்லெஸ்' கமரா. 2008இல் பனசோனிக் ஜி1 வெளிவந்ததிலிருந்து இவ்வகை பெருகிற்று. ஆடி நீங்கவே உடல் சிறுத்தது. உடல் சிறுக்கவே பொத்தான்கள் ஒன்றையொன்று நெருக்கின.

சோனி நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். 2013இல் வந்த ஏ7 கமராவில் பிடி மெலிந்தது. ஷட்டர் பொத்தான் மேற்றட்டில் பின்வாங்கியிருந்தது. மறு ஆண்டே அப்பொத்தானைப் பிடியின் முன்பக்கத்துக்கு நகர்த்தினார்கள். 2018இல் ஏ7 III கமராவில், குவியப்புள்ளியை நகர்த்தும் சிறு நெம்புகுச்சி வந்து சேர்ந்தது. 2019இன் ஏ7ஆர் IV பிடியை ஆழப்படுத்தியது. தானாகச் சுழன்று தொல்லை தந்த ஒளித்திருத்த வட்டுக்கும் ஒரு பூட்டுப் போட்டது. ஆறு ஆண்டுகள் கையிடம் பாடங்கேட்டார்கள் என்றே சொல்லலாம்! நிக்கோன் 2018இல் வெளியிட்ட இசட்6, முதல் நாளே ஆழ்ந்த பிடியோடு வந்தது. எடை மின்கலத்துடன் 675 கிராம். கனன் நிறுவனம் அதே ஆண்டில் தன் ஆர் கமராவில் விரலால் வருடும் பட்டையொன்றை வைத்தது. வருடுவதும் தட்டுவதும் மரத்த விரலுக்கு ஆகிற காரியமா? 2020இல் வந்த ஆர்5, ஆர்6 இரண்டிலும் அப்பட்டை இல்லை, நெம்புகுச்சியே உண்டு.

புஜிபிலிமின் வழி தனி. அதன் எக்ஸ்-ரி வரிசையில் ஷட்டர் வேகம், ஒளியுணர்திறன் யாவும் மேற்றட்டு வட்டுகளில் பொறிக்கப்பட்டிருக்கும். கமராவை இயக்காமலே படித்தறியலாம். ஒளியின் கணக்கைக் கற்கும் மாணவருக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை என்பது நமது எண்ணம். ஆனால் பிடி ஆழமற்றது. கனத்த வில்லையைப் பூட்டிக் காலைமுதல் மாலைவரை கலியாண வீட்டில் நின்றால் விரல்கள் நோகும்.

விலை குறைந்த கனன் ஆர்50 போன்றவற்றில் சுழல்வட்டு ஒன்றே. மிகுதி வேலைகளுக்குத் தொடுதிரையையும் பட்டியல்களையும் நாடவேண்டும். மழைத்துளி விழுந்த திரை, விரல் எது துளி எது என்றறியாது தடுமாறும். நீர் புகாத காப்பும் அதற்கில்லை.

பொத்தானே இல்லாத கமராவை ஆண்டவர் ஒருவர் நமது மலைநாட்டிலேயே உறங்குகிறார். 1863இல், தமது 48ஆம் வயதில் பரிசாகக் கமரா பெற்ற யூலியா மார்கரெட் கமரன் அம்மையார், 1875இல் இலங்கை வந்து, 1879 ஜனவரியில் இங்கேயே காலமானார். கல்லறை பொகவந்தலாவையில் உள்ளது. வில்லை மூடியைக் கையால் அகற்றி, நொடிகளை எண்ணி, மீண்டும் மூடுவதே அவர் முறை. தோட்டத் தொழிலாளரின் முகங்களும் அவருடைய தகடுகளில் பதிந்தன. இலத்தீனில் 'கமரா' என்றால் அறை. நம் லயத்துக் 'காம்பரா'வும் போர்த்துக்கேயர் வழியாக வந்த அதே சொல்தான்!

கடைக்குச் செல்வோர் தமக்குரிய கனமான வில்லையைப் பூட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் கமராவைக் கையில் வைத்திருக்கட்டும். ஷட்டர், பின்வட்டு, குவியப் பொத்தான் மூன்றும் தடவாமல் அகப்படுகின்றனவா? கையுறையோடும் ஒருமுறை பாருங்கள். பழைய கமராவாயின், ஒவ்வொரு பொத்தானையும் பத்துமுறை அழுத்துங்கள். ஈரத்தில் ஊறிய பொத்தான் சிலவேளை மேலெழாது நிற்கும். பிடியின் இறப்பர் உப்பிக் கழன்றிருந்தால், விலையைக் குறைத்துக் கேட்கத் தயங்கவேண்டாம்.