பெயர் தெரியாத மீனும் நம் குழம்புச் சட்டியும்

2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில், மீன் வாங்கச் செல்லும் தமிழ்க் குடும்பத்தினர் பெரும்பாலும் நான்கைந்து பெயர்களுக்கு அப்பால் கேட்பதில்லை. வஞ்சிரம் உண்டா, சங்கரா உண்டா, மத்தி வந்ததா, இறால் என்ன விலை, அவ்வளவுதான். கடைப்பேச்சு இந்தியில் நடப்பதால் வஞ்சிரம் ‘சுர்மாய்’ ஆகிவிடும். கேள்வி மட்டும் மாறாது. அதே பலகையில் பாறை, சூரை, விளமீன், ஓரா, கட்டா எல்லாம் கிடக்கும். அவற்றைக் கண்டும் காணாமல் கடந்து செல்கிறோம். இந்தப் பழக்கத்தைச் சற்றே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. இதில் நாவின் சுவையைவிடப் பெரிய கணக்கு ஒன்று அடங்கியிருக்கிறது.

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் கடற்கரை நீளம், பழைய அளவீட்டின்படி, 1,962 கி.மீ. இத்தீவுகளைச் சுற்றியுள்ள தனிப் பொருளாதாரக் கடல் மண்டலம் ஏறத்தாழ 6 லட்சம் சதுர கி.மீ.; நாட்டின் மொத்தத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இக்கடலில் ஆண்டுக்கு 1.48 லட்சம் டன் மீன் பிடிக்க இயலும் என்பது மதிப்பீடு. அதில் பெரும்பகுதி இன்றும் பிடிக்கப்படுவதில்லை. சூரை மற்றும் அதன் உறவினங்கள் மட்டுமே 60,000 டன் என்கிறது மத்திய மீன்வளத் துறை. ஹேவ்லாக் என்று பலரும் இன்றும் அழைக்கும் ஸ்வராஜ் தீவில் 2024 நவம்பரில் இதற்கென ஒரு முதலீட்டாளர் கூட்டமும் நடைபெற்றது. முதலீடு வரட்டும், குளிர்பதனக் கிடங்குகளும் ஏற்றுமதியும் வரட்டும். அவை வந்து சேரும் வரையிலும், வந்த பின்னரும், சிறு படகில் சென்று திரும்புபவருக்கு முதல் சந்தை நம் வீட்டு அடுப்புதான்.

ஒரு படகின் கணக்கைப் பார்ப்போம். டீசல், பனிக்கட்டி, தூண்டில், வலை, ஆட்கூலி ஆகிய செலவுகள், எந்த மீன் சிக்கினாலும் ஒன்றுதான். தூண்டிலுக்கு வஞ்சிரத்தை மட்டும் தேர்ந்தெடுக்கத் தெரியாது. கரைக்கு வந்தபின் பெயருள்ள மீன் பெயருக்குரிய விலையில் போகிறது. மற்றவை ஒன்றாகக் குவிக்கப்பட்டுக் கலப்பு மீனாக, கிடைத்த விலைக்குத் தள்ளப்படுகின்றன. பிடிபட்டதில் எத்தனை கிலோ என்பதைவிட, எத்தனை கிலோவுக்கு வாங்குவோர் பெயர் சொல்லிக் கேட்டார்கள் என்பதே அந்த நாளின் வருமானத்தை முடிவு செய்கிறது.

கிசான் கிரெடிட் கார்டு வசதி 2018-19 நிதிநிலை அறிக்கையின் வழியாக மீனவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. நடைமுறை மூலதனத்துக்கு அது நல்ல துணை. உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டிச் சலுகையும் உண்டு. ஆயினும், கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். வட்டிச் சலுகை டீசல் செலவின் சுமையைக் குறைக்கும். கேட்பாரற்ற மீனுக்கு விலை தேடித் தர அதனால் இயலாது. அது நுகர்வோரின் வேலை.

கடலின் பக்கமிருந்து பார்த்தாலும் இதே முடிவுதான். எல்லோரும் விரும்பும் களவா, சங்கரா, செப்பிலி வகைகள் பாறைகளையும் பவளத் திட்டுகளையும் சார்ந்து வாழ்பவை, மெதுவாக வளர்பவை. சங்கரா இனத்துப் பெரிய மீன்களில் சில 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும். களவாவில் பல இனங்கள் முதலில் பெண்ணாக முதிர்ந்து, வயது கூடியபின் ஆணாக மாறுபவை. பெரிய மீனாகவே தேடிப் பிடித்தால் ஆண் மீன்கள் அருகிவிடும், இனப்பெருக்கம் தடைப்படும். மாறாக, சூரையில் சிறிய வகை ஓரிரு ஆண்டுகளிலேயே முட்டையிடும் பருவத்தை எட்டிவிடும். முன்னதை உண்பது முதலில் கை வைப்பதற்கு ஒப்பாகும். பின்னதை அளவோடு உண்பது வட்டியை எடுத்துச் செலவிடுவதற்கு ஒப்பாகும். வங்கிக்காரனுக்கு உவமை வேறு எங்கிருந்து வரும்!

‘தெரியாத மீனை வாங்கிச் சமைத்து, வீட்டில் யாரும் தொடாவிட்டால் பணம் வீண்தானே’ என்று இல்லத்தரசிகள் கேட்பது நியாயமான கேள்வி. மாதச் செலவைத் திட்டமிடுபவர் எவரும் அப்படித்தான் எண்ணுவர். ஆனால் தெரியாத மீன் என்பது யாருக்குத் தெரியாதது? கன்னியாகுமரியில் நெய்மீன் எனப்படுவதே சென்னையில் வஞ்சிரம்; அங்கே அயிலை என்றால் இங்கே கானாங்கெளுத்தி. பெயர் மாறும்போது பழகிய மீனே அந்நியமாகிவிடுகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 15 விழுக்காட்டினர். வங்காளம், இந்தி, தெலுங்கு, நிக்கோபாரி, மலையாளம் பேசுவோர் அக்கம்பக்கத்தில் வாழ்கின்றனர். 1925இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பகுதியில் குடியேறிய கரேன் மக்கள் இருக்கிறார்கள். இலங்கையிலிருந்து திரும்பி கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்த தமிழர்கள் இருக்கிறார்கள். கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களோ, சுற்றிலும் கடல் இருக்க, குளம் வெட்டி ரோகுவும் கட்லாவும் வளர்த்தார்கள்! நாம் ஒதுக்கும் மீன் ஒவ்வொன்றும் இங்கே யாரோ ஒருவர் வீட்டில் விருந்து. ஓராவைப் பற்றி இராமநாதபுரத்துக்காரரையும், கட்டாவைப் பற்றித் தெலுங்கு மீனவக் குடும்பத்தையும் கேட்டால் செய்முறை இலவசமாகவே கிடைக்கும்.

பெயர் ஒரு மீனின் தலைவிதியையே மாற்றும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீனான திலாப்பியா, ‘ஜிலேபி’ என்ற இனிப்பான பெயருடன் நம் ஏரிக்கரைச் சந்தைகளில் இடம்பிடித்துவிட்டது. (நாட்டுக் கெண்டைகளை அது நெருக்கிவிட்டது என்பது வேறு கதை.) அமெரிக்காவில் லீ லான்ட்ஸ் என்ற வணிகர், அதிகம் விலைபோகாத ஒரு தென்கடல் மீனுக்கு 1977இல் ‘சிலி சீ பாஸ்’ என்று பெயர் சூட்டினார். பின்னர் அதற்கு எழுந்த மோகத்தில் கள்ளத்தனமாகவும் அம்மீனைப் பிடித்துத் தீர்க்கும் நிலை உருவாயிற்று. ஆகவே வஞ்சிரத்தை விட்டுவிட்டு எல்லோரும் சூரைக்குத் தாவ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு குடும்பம் நான்கு மீன்களுக்குப் பதிலாகப் பத்து மீன்களை அறிந்திருந்தால் போதும்.

சூரையிலிருந்தே தொடங்கலாம். உண்மையில் அது நமக்குப் புதியதன்று. மாசிக் கருவாடும் இலங்கையின் மாசிச் சம்பலும் சூரையின் மறுவடிவங்களே. லட்சத்தீவின் மினிக்காய் மக்கள் தூண்டிலால் சூரை பிடித்து மாசி செய்வதில் பேர்பெற்றவர்கள். பச்சைச் சூரையைப் பலர் வெறுப்பதற்குக் காரணம் அதன் நடுவில் ஓடும் கருஞ்சிவப்புச் சதை. கடைக்காரரிடம் சொல்லி அதை நீக்கிவிட்டு, உப்பும் மஞ்சளும் புளிக்கரைசலும் சேர்த்துச் சிறிது நேரம் ஊறவைத்தால் வாடை பெரும்பாலும் அகன்றுவிடும். அதிகம் வெந்தால் மரத்தூளைப் போல் வறண்டுவிடும் இயல்புடையது. குழம்பு நன்கு கொதித்து எண்ணெய் பிரிந்தபின் கடைசியில் துண்டுகளைப் போட வேண்டும். புட்டுக்கு இது மிகப் பொருத்தம். வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், தேங்காய்த் துருவலுடன் வதக்கினால், சுறாப் புட்டுக்குச் சற்றும் குறையாது. பல சுறா இனங்கள் அருகிவரும் காலத்தில் இது நல்ல மாற்று.

பாறை இன்னும் எளிது. வெண்சதை, கெட்டியானது, குழம்பில் உடையாது. ஓராவின் துடுப்பு முட்களில் நஞ்சு உண்டு, சதையில் இல்லை. முட்களைக் கடையிலேயே வெட்டச் சொல்லி, குடலை உடனே அகற்றிவிட்டால் பாசி மணமும் இராது. பொரித்தால் விரைவில் தட்டு காலியாகும்.

துணிச்சலுக்கும் எல்லை உண்டு. பேத்தை மீன் வேண்டவே வேண்டாம். அதன் நஞ்சு கொதிநீருக்கும் அழியாது. சூரையும் கானாங்கெளுத்தியும் பனிக்கட்டியின்றி வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். சமைத்தாலும் அது போகாது. உண்ணும்போது நாக்கில் மிளகு கடித்ததுபோல் சுருக்கென்று உறுத்தினால் அக்கணமே நிறுத்திவிட வேண்டும். பவளத் திட்டுகளில் திரியும் மிகப் பெரிய ஊளி, களவா போன்றவற்றில் சிகுவாடெரா எனும் நஞ்சு சேரக்கூடும் என்பதால் நடுத்தர அளவே நல்லது. கிளிமீன் பவளத்தின் மேல் படரும் பாசியை மேய்ந்து திட்டுகளைக் காப்பது; அதைக் கடலிலேயே விட்டுவிடலாம். ராட்சதக் களவாவும் கடல் அட்டையும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ளவை. அவற்றை யாரேனும் விற்க முன்வந்தாலும் வாங்குவது குற்றம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இத்தீவுகளுக்கும் பொருந்தும். இயந்திரமில்லாத பாரம்பரியப் படகுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்நாட்களில் வஞ்சிரத்தின் விலை கேட்டுத் திரும்புபவர்கள், சிறு படகுகள் கரையோரத்திலிருந்து கொண்டுவரும் மீன்களின் பக்கம் ஒருமுறை குனிந்து பார்க்கலாம். முதல் முறை அரைக் கிலோ போதும். விற்பவரிடம் அதன் பெயரைக் கேட்டு, அவர் சொல்லும் மொழியிலேயே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பெயர் சொல்லிக் கேட்க உதவும்.