பனி தேசமும் முத்துக் கரையும்

நார்வே என்று வட துருவத்தை ஒட்டினாற்போல் ஒரு தேசம் இருக்கின்றது. அதன் இயற்கை யோக்கியதையை முதலில் சொல்லிவிடுகின்றோம். எங்கு பார்த்தாலும் மலையும் பாறையும். உழுது பயிரிடத்தக்க பூமி நூற்றுக்கு மூன்று பங்குதான். வடகோடியிலே குளிர்காலத்தில் இரண்டு மாதகாலம் சூரியன் முகத்தையே காட்டுவதில்லை. கடலானது மலையைப் பிளந்துகொண்டு உள்நாட்டிற்குள் பல மைல் நுழைந்து கிடப்பதால், பல இடங்களில் பக்கத்து ஊருக்குப் போவதற்கும் படகையே நம்பியிருந்தார்கள். அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து வரும் வெந்நீரோட்டத்தினால் துறைமுகங்கள் உறையாமல் இருக்கின்றன. அதுவும் மீனுந்தான் அத்தேசத்தார் வெகுகாலம் கண்ட செல்வம்.

இப்பேர்ப்பட்ட தேசத்திலிருந்து 1825 முதல் நூறு வருஷ காலத்தில் சுமார் 8 லட்சம் பேர் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். 1905 வரையில் சுவீடன் அரசனே அவர்களுக்கும் அரசன். இன்றைக்கு சுமார் 55 லட்சம் ஜனங்கள் உள்ள அத்தேசம், ஐக்கிய நாடுகள் சபை மக்களின் ஆயுள், படிப்பு, வருமானம் ஆகியவற்றைக் கணக்கெடுத்துப் போடும் பட்டியலில் வருஷா வருஷம் முதல் சில இடங்களுக்குள் நிற்கின்றது.

நிற்க, நம் தூத்துக்குடிக் கரையைப் பார்ப்போம். சூரியனுக்குப் பஞ்சமில்லை. மன்னார் வளைகுடாவும் அதில் 21 தீவுகளும் இருக்கின்றன. முத்து விளைந்தது, சங்கு கிடைக்கின்றது, உப்பு குவிகின்றது. துறைமுகம் 1974 முதல் பெருந்துறைமுகம். இவ்வளவும் இருந்தும் வேம்பாரிலிருந்து பெரியதாழை வரையில் வள்ளம் ஓட்டுகின்றவன் ஏன் கடன்காரனாகவே இருக்கின்றான்? கேட்டால் தலையெழுத்து என்கிறான், அல்லது கடல் மாதாவின் சித்தம் என்கிறான். பனியையே கண்ணால் காணாத ஊரில் பனிமய மாதாவுக்குத் தங்கத்தேர் இழுக்கின்றோம். பனியிலேயே புதைந்து கிடந்தவர்களோ தங்கள் வயிற்றுக்குச் சட்டம் போட்டுக்கொண்டார்கள்.

முத்துக்குளிப்பின் கணக்கை யாராவது யோசித்ததுண்டா? 13-ம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதுகிறார்: முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்காம், இருபதில் ஒரு பங்கு சுறாமீனை மந்திரத்தால் கட்டுகின்ற பார்ப்பனர்களுக்காம். அந்த மந்திரம் பகலுக்கு மாத்திரந்தான்; இரவில் அவிழ்த்துவிடுவார்களாம்! உத்தரவில்லாமல் இரவில் குளிக்க எவனுக்குத் தைரியம் வரும்? மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, மனிதனை நன்றாய்க் கட்டிற்று. பரவர் சமூகம் முழுவதும் கிறிஸ்தவமான பிறகும், வெள்ளைக்காரன் காலம் வரையில், "கடல்கட்டி" என்ற பேரால் இந்த உத்தியோகம் நடந்துதான் வந்தது. வெள்ளைக்கார சர்க்காரோ சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டு, கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கினவர்களுக்கு ஒரு பங்கை விட்டது. பாண்டியன், போர்த்துகீசியன், டச்சுக்காரன், இங்கிலீஷ்காரன் என்று எஜமானர்கள் மாறினார்களே ஒழிய, குளித்தவன் குடிசை மாறவில்லை. 1961-ல் கடைசிச் சலாபம் நடந்தது. அவ்வளவுதான், முத்தும் போயிற்று.

நார்வேக்காரனுக்கும் கடலுக்கடியில் ஒரு பொருள் கிடைத்தது. 1969-ல் எண்ணெய் கண்டான். 1990-ல் சட்டம் செய்து அந்த வருமானத்தைப் பொது நிதியாய்ச் சேர்த்தான். அது இன்று ஒன்றரை லட்சம் கோடி டாலருக்கு மேல் வளர்ந்து அவன் பேரப்பிள்ளைகளுக்குக் காத்திருக்கின்றது.

"எண்ணெய் இருந்தது, வாழ்ந்தான், இதிலென்ன அதிசயம்?" என்று சில பண்டிதர்கள் சொல்லலாம். எண்ணெய்க்கு 60 வருஷம் முன்பே, 1909-ல், தொழிலாளிக்கு வியாதி இன்சூரன்சு சட்டம் செய்தார்கள். 1913-ல் பெண்களுக்கெல்லாம் ஓட்டுக் கொடுத்தார்கள். 1936-ல் முதியோருக்குப் பென்ஷன். எல்லாவற்றிலும் முக்கியமானது 1938-ல் வந்த மீன் விற்பனைச் சட்டம். அதாவது, பிடித்தவனிடமிருந்து முதல் கையாய் வாங்கும் மீனுக்குக் குறைந்த விலை இன்னதென்று மீன்பிடிப்பவர்களின் சொந்த விற்பனைச் சங்கமே தீர்மானிக்கும். அதற்குக் குறைத்து எந்த வியாபாரியும் வாங்கக்கூடாது. அந்த உரிமை இன்றும் இருக்கின்றது.

அவர்களைத் தேவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. வடக்கே வாழும் சாமி என்ற பழங்குடிப் பிள்ளைகளின் பாஷையைப் பள்ளிக்கூடத்திலேயே நசுக்கியவர்கள் அவர்கள். 1851 வரையில் யூதன் உள்ளே நுழையக்கூடாதென்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தவர்கள். ஆனால் மீன் விஷயத்தில் புத்தியாய் நடந்துகொண்டார்கள்.

அந்த நார்வே 1952-ல் நம் தேசத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மோட்டார் படகும் ஐஸ் கட்டித் தொழிற்சாலையும் கொண்டு வந்தது. பிறகு நம் மண்டபத்திற்கும் வந்தது. படகு வந்தது, இழுவலை பரவியது, இறால் அமெரிக்காவுக்குப் போயிற்று. லாபமோ பெரும்பாலும் படகு வாங்கப் பணமுள்ளவனுக்குப் போயிற்று. தன் தேசத்தில் 1930-களிலேயே இழுவைப் படகுகளைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தி வைத்திருந்தவன், இங்கே படகைக் கொடுத்தான். அந்தச் சட்டங்களை அவனும் கொடுக்கவில்லை, நம் தலைவர்களும் கேட்கவில்லை. எந்திரத்தைக் கேட்க வெட்கப்படாதவர்களுக்கு நியாயத்தைக் கேட்க மாத்திரம் ஏன் நா எழவில்லை?

நம் மாகாணத்திலும் சட்டத்திற்குக் குறைவில்லை. கரையோரக் கடலை நாட்டுப் படகுகளுக்கு ஒதுக்க 1983-ம் வருஷச் சட்டம் இருக்கின்றது. வருஷத்தில் 61 நாள் விசைப்படகு போகக்கூடாதென்ற தடையும் இருக்கின்றது. எப்போது பிடிப்பது, எங்கே பிடிப்பது என்றெல்லாம் சர்க்கார் சொல்லுகின்றது. பிடித்த மீனுக்கு விலை வைப்பவன் யார் என்ற இடத்தில்தான் வாய் அடைத்துவிடுகின்றது. முன்பணம் வாங்கியவன் முன்பணம் கொடுத்தவரிடமே மீனைப் போடவேண்டும். ஏலம் அவருடையது, கழிவு அவருடையது, கணக்கு நோட்டும் அவருடையது. இந்த நோட்டின்மேல் கை வைக்காமல் புதுப் படகுக்கு மானியம் கொடுத்தால், அந்த மானியமும் அதே நோட்டில்தான் போய் விழும்.

பக்கத்துக் கேரளத்தில் மீன் ஏலத்தையும் கழிவையும் ஒழுங்குபடுத்த 2021-ல் ஒரு சட்டம் செய்திருக்கின்றார்கள். ஓட்டுக் கேட்க உங்கள் தெருவுக்கு வருகின்றவரிடம் அந்தச் சட்டத்தைப் படித்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால், ஒரு பிரதி வாங்கிக் கையில் கொடுத்து, படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.