முடிக்கப்படாத இடப்பக்கம்

தியானப் பகுதி: மத்தேயு 1:1-6



நம் ஆண்டவருடைய வம்ச வரலாற்றை ஆலயத்தில் வாசிக்கையில், ஆறாம் வசனத்தில் நம் நாவு சற்றே தயங்குவதுண்டு. சாலொமோனின் தாயைப் பத்சேபாள் என்று மத்தேயு எழுதியிருக்கலாம். பெயரே சொல்லாமலும் விட்டிருக்கலாம். அவரோ அவளை உரியாவின் மனைவியாயிருந்தவள் என்றே குறிக்கிறார். தாவீது மறைக்க முயன்ற அந்தப் பெயர், கொலையுண்ட அந்தப் போர்வீரனின் பெயர், மேசியாவின் வம்ச அட்டவணையிலேயே நிலைபெற்றுவிட்டது. அழித்துவிட வசதியாயிருந்த ஒன்றை மத்தேயு ஏன் காத்துவைத்தார்? இக்கேள்வியை அண்மையில் ஒரு விண்கல மாதிரி எனக்கு மறுபடியும் எழுப்பியது.

அமெரிக்காவில் பயின்ற நம் சபை வாலிபர் ஒருவர், வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் தாம் எடுத்த புகைப்படங்களைக் காட்டினார். 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரில் தோன்றிய 'என்டர்பிரைஸ்' என்னும் கற்பனை விண்கலத்தின் மூல மாதிரி அது. "ஐயா, இடப்பக்கத்தைப் பாருங்கள். அதை முடிக்கவே இல்லை" என்றார்.

அந்த மாதிரியின் வரலாறு கேட்கத்தக்கது. மேட் ஜெஃப்ரிஸ் என்னும் கலை இயக்குநர் வரைந்த வடிவத்தைக் கொண்டு, 1964ஆம் ஆண்டின் இறுதியில் கலிஃபோர்னியாவின் பர்பாங்க் நகரிலிருந்த ஒரு பட்டறையில் அதைச் செய்து முடித்தார்கள். நீளம் 11 அடி. எடை ஏறத்தாழ 90 கிலோ. கடையில் வாங்கிய பாகங்களை ஒட்டிச் சேர்த்த பொம்மையன்று. வரைபடத்தைப் பார்த்து, மரத்தைச் செதுக்கி, பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சில் இழுத்து, உலோகத் தகட்டை உருட்டிக் குழாயாக்கி, ஒவ்வோர் உறுப்பையும் கைகளாலேயே உண்டாக்கினார்கள். முதலில் அதனுள் விளக்குகள் இல்லை. பின்னர் ஜன்னல்கள் ஒளிர வேண்டுமென்று விளக்குகளைப் பொருத்தியபோது, மின்கம்பிகளை இடப்பக்கத்தின் வழியாக உள்ளே செலுத்தினார்கள். படக்கருவி வலப்பக்கத்தையே பார்த்ததால், இடப்பக்கத்தில் அலங்கார வேலை வேண்டியிருக்கவில்லை.

இதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. காலமும் பணமும் குறுகியிருந்த தொழிலாளிகள் தேவையானதைச் செய்தார்கள், அவ்வளவே. ஆனால் 1974ஆம் ஆண்டில் அந்த மாதிரி அருங்காட்சியகத்தின் கைக்கு வந்தபோது வேறொரு கேள்வி பிறந்தது. படக்கருவி ஒரு பக்கத்தைத்தான் கேட்டது. அருங்காட்சியகத்திற்கு வருகிறவர்களோ சுற்றிவந்து பார்ப்பார்கள். இனி அந்த வெறும் பக்கத்தை என்ன செய்வது?

அதைப் பலமுறை புதுப்பித்தார்கள். மேலே புது வண்ணம் ஏறியது. ஒருமுறை பூசப்பட்ட நிழல்வண்ணம் மூலத்திற்கு ஒவ்வாதது என்று ரசிகர்கள் மனம் வருந்தினார்கள். 2014இல் தொடங்கிய கடைசிச் சீரமைப்பில்தான் பணியாளர்கள் மிகுந்த நிதானத்தோடு நடந்துகொண்டார்கள். எக்ஸ்ரே கொண்டு உட்புறத்தை ஆராய்ந்தார்கள். பழைய புகைப்படங்கள் வைத்திருப்போர் தந்து உதவும்படி பொதுமக்களைக் கேட்டார்கள். 1967 ஆகஸ்டு மாதத்தில் அது எப்படியிருந்ததோ அந்நிலைக்குக் கொண்டுவருவதென்று தீர்மானித்தார்கள். வட்டமான மேற்தளத்தில் மட்டும் முதல் வண்ணம் எஞ்சியிருந்தது. அதைத் தொடாமல் காத்து, அதையே மற்றப் பாகங்களுக்கு அளவுகோலாக்கினார்கள். 2016 ஜூலை மாதத்தில், அட்லாண்டிக் கடலைத் தனியாய்க் கடந்த லிண்ட்பெர்க்கின் விமானம் தொங்கும் அதே மண்டபத்தில் அது காட்சிக்கு வந்தது. இடப்பக்கம் முடிக்கப்படாததாகவே இருந்தது. அதை நிரப்பும் கைத்திறன் அவர்களிடம் இல்லாமலில்லை. நிரப்பினால் அழகு கூடும், உண்மை குறையும் என்று அறிந்திருந்தார்கள்.

பிரியமானவர்களே, இந்த விஷயத்தில் ஓர் அருங்காட்சியகம் நம் திருச்சபைகளைக் காட்டிலும் நேர்மையாய் நடந்துகொண்டது என்பது என் கருத்து. இதை உங்களைக் குறைகூறும்படி எழுதவில்லை, முதற்குற்றவாளி நான்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் ஊழியஞ்செய்த ஒரு சபையின் நூற்றாண்டு மலருக்குச் சரித்திரம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பழைய நிர்வாகக் குறிப்பேடுகளைப் புரட்டினேன். சாதியின் பெயரால் ஒரு பகுதி விசுவாசிகள் நெடுங்காலம் பின்புறத்தில், தரையில் அமர்த்தப்பட்டார்கள் என்பதும், நற்கருணைப் பாத்திரம் அவர்களிடம் கடைசியாகவே சென்றது என்பதும் அக்குறிப்புகளிலிருந்து விளங்கின. நான் அதை எழுதவில்லை. கொண்டாட்ட வேளையில் பழைய புண்ணைக் கிளறுவானேன் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மிஷனெரிமாரின் தியாகத்தை எழுதினேன். கோபுரத்தின் உயரத்தையும் மணியின் எடையையும் எழுதினேன். படக்கருவிக்குத் தெரியும் பக்கம் முழுவதையும் எழுதினேன்.

மலர் வெளியான அடுத்த வாரம் ஒரு முதியவர் குருமனைக்கு வந்தார். மலரை மேசைமேல் மெதுவாக வைத்தார். "நன்றாயிருக்கிறது, ஐயா. எங்கள் அப்பா உட்கார்ந்த இடந்தான் இதில் இல்லை" என்றார். அவர் கோபப்படவில்லை. தேநீர் அருந்தினார், ஜெபிக்கும்படி கேட்டார், போய்விட்டார். அவருடைய தகப்பனாரும் அவரோடு பின்னால் அமர்ந்தவர்களுமே அந்த ஆலயத்திற்குக் கல் சுமந்தவர்கள் என்பதும் அதே குறிப்பேட்டில் இருந்தது. ஒளி உள்ளே வந்த பக்கத்தையே நான் வண்ணம் பூசி மூடியிருந்தேன்.

அன்பு திரளான பாவங்களை மூடும் என்று பேதுரு எழுதவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். சேமும் யாப்பேத்தும் தங்கள் தகப்பனின் நிர்வாணத்தை மூடியது நற்செயலல்லவா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விகள். பிறனுடைய வெட்கத்தை மூடுவது அன்பு, ஐயமில்லை. ஆனால் நாம் பிறனுக்குச் செய்த தீங்கை மூடும்போது, காப்பாற்றப்படுவது நம் பெயர் மட்டுமே. தீங்கை அனுபவித்தவன் அது நடந்ததை அறிவான். நம் மௌனம் அவனிடம் சொல்வது, அவன் பட்ட பாடு கணக்கில் சேராது என்பதையே. தாவீது உரியாவுக்குச் செய்ததை மூடி மறைத்தான். நாத்தானோ அரசன் முகத்துக்கு நேரே அதைத் திறந்தான். அன்று தாவீதிடம் அன்புகாட்டியவன் நாத்தானே.

பேதுரு ஆண்டவரை மறுதலித்ததை நான்கு சுவிசேஷங்களும் சொல்லுகின்றன. ஆதிச்சபை தன் தலைவரின் இடப்பக்கத்தை மறைக்கவில்லை. அதனால் அவர் சிறுமைப்படவும் இல்லை. கிருபை எங்கே எட்டியது என்பதை நாம் அந்தப் பக்கத்திலிருந்தே அறிகிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் சபை மலர் எழுதுகிறபோதும், குடும்பச் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறபோதும், சாட்சி கூறுகிறபோதும், அந்த வரிகளில் யாருடைய தகப்பனின் இடம் விடுபட்டிருக்கிறது என்று கேளுங்கள். நான் அச்சபையின் இன்றைய ஆயருக்கும் நிர்வாகிகளுக்கும் கடிதம் எழுதியிருக்கிறேன். விடுபட்ட பக்கங்களை நானே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அந்த முதியவரோ சென்ற ஆண்டு ஆண்டவருக்குள் நித்திரையடைந்துவிட்டார். நான் தாமதித்தேன், நீங்கள் தாமதியாதிருங்கள்.

ஜெபம்: எங்களைச் சுற்றிலும் காண்கிற ஆண்டவரே, நாங்கள் பூசி மறைத்தவற்றை உமது முன்னிலையிலும், எங்களால் புண்பட்டோர் முன்னிலையிலும் திறந்துசொல்லத் தைரியம் தாரும். ஆமென்.