வாத்தும் விஷ ஜுரமும்

"இதனால் பிரயோஜனம் என்ன?" என்று கேட்பது கெட்டிக்காரத்தனத்துக்கு அடையாளம் என்பது நம்மில் அநேகருடைய அபிப்பிராயம். பிள்ளை படிக்கும் படிப்பானாலும், சர்க்கார் செலவழிக்கும் பணமானாலும், முதல் கேள்வி இதுதான். ஏரிக்கரை ஏரிக்கரையாகச் சென்று காட்டு வாத்தின் எச்சத்தைச் சேகரிக்கும் ஒரு மனிதரிடம் இக்கேள்வியைக் கேட்டால், அவர் என்ன பதில் சொல்லுவார்? ராபர்ட் வெப்ஸ்டர் என்னும் விஞ்ஞானியின் சரித்திரத்தில் அதற்கு விடை இருக்கிறது.

வெப்ஸ்டர் 1932-ஆம் ஆண்டில் நியூஜீலந்தில் பிறந்தவர். இன்புளுயென்சா என்னும் விஷ ஜுரத்தை ஆராய்வதில் அரை நூற்றாண்டுக்கு மேல் செலவிட்டவர். அந்த ஜுரத்தின் கொடுமையை நாம் விஸ்தரிக்க வேண்டுவதில்லை. 1918-இல் அது உலகை வலம் வந்தபோது, இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 1957-இல் அது வேறொரு வேஷத்தில் வந்தது. 1968-இல் மற்றொரு வேஷத்தில் வந்தது. இந்தப் புதுப்புது வேஷங்களெல்லாம் எந்த அணியறையிலிருந்து வருகின்றன? வெப்ஸ்டரைப் பற்றிக்கொண்ட கேள்வி இதுவே.

1961-இல் தென்னாப்பிரிக்கக் கரையில் ஆலா என்னும் கடற்பறவைகள் பல, இன்புளுயென்சா வைரஸினால் மடிந்திருந்தன. 1967-இல் வெப்ஸ்டர் தம் நண்பர் கிரீம் லேவருடன் ஆஸ்திரேலியக் கடற்கரையில் உலாவுகையில், மணலில் செத்துக் கிடந்த பறவைகளைக் கண்டார். பழைய செய்தி நினைவுக்கு வந்தது, சந்தேகம் பிறந்தது. பின்னர் அவ்வாராய்ச்சியாளர்கள் பவளப்பாறைத் தீவுகளுக்குச் சென்று, கடற்பறவைகளைப் பிடித்து அவற்றின் ரத்தத்தைச் சோதித்தார்கள். என்ன ஆச்சரியம்! 1957-இல் மனிதரைத் தாக்கிய வைரஸின் ஓர் அம்சத்தை எதிர்க்கும் சக்தி, சில பறவைகளின் ரத்தத்தில் இருந்தது.

அதன் பிறகு அமெரிக்காவில், மெம்பிஸ் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்துகொண்டு, வெப்ஸ்டர் காட்டு வாத்துக்களை ஆராயலானார். மனிதனுடைய சுவாசப் பைகளைத் தாக்கும் இந்த வைரஸ், வாத்தின் குடலில் வசிக்கிறது. எச்சத்துடன் ஏரி ஜலத்தில் கலக்கிறது. அந்த ஜலத்தைப் பருகும் வேறு வாத்தின் வயிற்றில் குடியேறுகிறது. வாத்துக்கோ பெரும்பாலும் ஒரு தும்மல்கூட இல்லை! வியாதியஸ்தர்களிடையே தேடிய வியாதியின் பூர்வீக வீடு, ஆரோக்கியமாக நீந்தும் பறவையின் வயிற்றிலே இருந்தது.

இது வெறும் வேடிக்கைச் செய்தியன்று. 1983-இல் பென்ஸில்வேனியா மாகாணத்துக் கோழிகளிடையே சாதுவாகப் பரவிய வைரஸ், சில மாதங்களில் ஒரு சின்னஞ்சிறு மாறுதலால் கொலைகார வைரஸாயிற்று. அதை ஒழிக்க 1 கோடியே 70 லட்சம் பறவைகளை அழிக்க வேண்டியிருந்தது.

1997 மே மாதம் ஹாங்காங்கில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று ஜுரத்தால் இறந்தது. அதனிடம் கண்ட வைரஸ், பறவைகளுக்குரிய 'எச்-5 என்-1' வகை. வருஷ முடிவுக்குள் 18 பேர் நோயுற்றார்கள்; அவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். அங்கே இருந்த கென்னடி ஷார்ட்ரிட்ஜ் என்னும் நிபுணரும், விரைந்து சென்ற வெப்ஸ்டரும் எங்கே தேடினார்கள்? உயிருள்ள கோழிகளைக் கூண்டுகளில் அடுக்கி விற்கும் சந்தைகளில்! அங்கே அந்த வைரஸ் அகப்பட்டது. பத்து லட்சத்துக்கும் அதிகமான கோழிகளை அழிக்கச் சர்க்கார் உத்தரவிட்டது. கோழி வியாபாரிகளின் நஷ்டம் சிறிதன்று. ஆயினும் அத்துடன் அந்த வருஷத்துத் தொற்று நின்றது.

பகை அடியோடு ஒழிந்ததாக நினைத்துவிடலாகாது. 2003-க்குப் பின் அதே வம்சத்து வைரஸ் பல தேசங்களில் தலைகாட்டியிருக்கிறது. ஆனால் சந்தைக் கூண்டைப் பார்க்க வேண்டும் என்ற புத்தி 1997-இல் திடீரென்று உதித்ததா? முப்பது வருஷம் முன்பு ஒருவர் செத்த பறவையைக் கண்டு நின்று யோசித்ததன் பலன் அது. வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்ட முடியாது என்பது நம் பெரியோர்களுக்குத் தெரிந்த விஷயமே.

ஆகையால், நம் வீட்டுப் பிள்ளை குளத்தங்கரையில் குந்தி, கொக்கையும் தவளையையும் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தால், "பிரயோஜனம் என்ன?" என்று உடனே அதட்டாதிருப்போமாக. பதில் சொல்ல அவனுக்குச் சற்று அவகாசம் வேண்டியிருக்கலாம். முப்பது வருஷம்கூட ஆகலாம்.