பேரனின் விளையாட்டும் நம் பங்கு வீடும்



விடுமுறைக்கு வந்த பேரன் கணினியில் 'சிம்சிட்டி' ஆடுகிறான். குடியிருப்புக்குப் பச்சை, கடைக்கு நீலம், தொழிற்சாலைக்கு மஞ்சள். எதற்குத் தேவை இருக்கிறதோ அது வளர்கிறது. தேவை போனால் ஆட்கள் காலி செய்துவிட, கட்டடம் பாழாகிறது. "இடிச்சிட்டு வேற கட்டிக்கலாம் தாத்தா" என்கிறான்.

நிஜத்தில் அது சுலபமில்லை. கடற்கரைச் சாலையில் நம் மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்தது. பழைய சாயலில் மறுபடி கட்டித் திறக்க 2021 ஆயிற்று.

வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சு வீடுகளுக்குத் தேவை இருக்கிறது. விடுதியாக, காபிக் கடையாக மாறி வெள்ளையடித்துக்கொள்கின்றன. மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் உள்ள தமிழர் வீடுகள் பலவும் பங்காளித் தகராறில் பூட்டிக் கிடக்கின்றன. சுவர் விரிசலில் ஓர் அரசங்கன்று, நான்கு மழை, உத்திரம் உளுத்துவிடும்.

வைசியாள் வீதியில் வீட்டுக்காரர்களும் அரசும் இன்டாக்கும் சேர்ந்து முகப்புகளைச் சீர்செய்தார்கள். 2008-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

என் கருத்து இது: சுற்றுலா விடுதிக்கு முன்னால், குடியிருக்கும் குடும்பத்துக்கு வரிச் சலுகையும் பழுதுபார்க்கக் கடனும் கொடுக்க வேண்டும். ஆள் புழங்கும் வீடுதான் நிற்கும்.

சித்தப்பா பிள்ளைகளே, அப்பா கட்டிய நம் வீட்டிலும் பின்கட்டு ஒழுகுகிறது. பங்கு கணக்கை அப்புறம் பேசலாம். ஐப்பசி மழைக்கு முன் கொத்தனாரை வரச்சொல்கிறேன். என் பாதியை நான் போடுகிறேன். யார் யார் சேர்கிறீர்கள்?